ஜன்னல் வெளிச்சத்தில் உங்களை நீங்களே படம் எடுக்க: முழுமையான வழிகாட்டி

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறை, அதில் வடக்குப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல். அங்கேதான் நான் இதைப் பழகினேன். அப்புறம் பலருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் கேட்டவர்கள், ஜாதகத்தோடு அனுப்ப நல்ல படம் தேவைப்பட்டவர்கள், கச்சேரி அழைப்பிதழுக்குப் படம் வேண்டியவர்கள் எனப் பலர். எல்லோரும் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான். வந்ததும் கேமராவைக் கையில் எடுத்து, 'எந்த செட்டிங் வைக்கணும்?' என்று கேட்பார்கள்.

வேறொருவரைப் படம் எடுக்கும்போது நீங்கள் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். ஏதாவது தப்பினால் உடனே திருத்தலாம். உங்களையே எடுக்கும்போது, பட்டனை அழுத்திய பிறகு கேமராவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே நீங்கள் எழுந்து போவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்து பூட்டிவிட வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். ஒளி, பின்னணி, உட்காரும் இடம், கேமரா நிற்கும் இடம், செட்டிங், ஃபோகஸ், கடைசியில் நீங்கள். வரிசை மாறினால் முதலில் செய்ததைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

கேமரா எதுவானாலும் சரி, போனானாலும் சரி. அதை அசையாமல் நிறுத்த ஒரு ட்ரைபாட் வேண்டும். ட்ரைபாட் இல்லையென்றால் பீரோ, அலமாரித் தட்டு, புத்தக அடுக்கு ஏதாவது ஒன்று போதும். ஆனால் கண் மட்ட உயரத்துக்கு வர வேண்டும்.

முதுகு சாயாத ஒரு ஸ்டூல். நாற்காலி வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்தால் தோள் சரியும், கழுத்து உள்ளே போகும்.

வெள்ளை வேட்டி ஒன்று, மெல்லியதாக இருந்தால் நல்லது. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பெரிய தெர்மாகோல் அட்டை ஒன்று. துணி காயப்போடும் கிளிப் நான்கு. சாக்பீஸ். ஒட்டடைக் கம்பு. பழைய தினத்தாள் ஒரு பக்கம். கம்பும் தினத்தாளும் எதற்கு என்பது 8ஆம் படியில் வரும். அந்த நேரத்தில் தேடி ஓடாமல் இருக்க இப்போதே அறைக்குள் கொண்டுவந்து வையுங்கள்.

ஜன்னல் கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள். நம் ஊர்த் தூசி ஒரு வாரத்தில் கண்ணாடியை மங்கலாக்கிவிடும். கறுப்பு அல்லது பச்சைக் கண்ணாடி போட்ட ஸ்லைடிங் ஜன்னல் என்றால் முழுக்கத் திறந்துவிடுங்கள். அந்தக் கண்ணாடி வழியே வரும் ஒளி குறைவாக இருக்கும், அதில் ஒரு நிறமும் ஏறியிருக்கும். கொசு வலை அடித்த ஜன்னலில் வலையைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் ஒளி கொஞ்சம் குறையும், வேறு கெடுதல் இல்லை.

2. எந்த ஜன்னல், எந்த நேரம்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இது சரியாக அமைந்தால் சாதாரண போனிலும் நல்ல படம் வரும். இது தப்பினால் விலை உயர்ந்த லென்ஸாலும் பலன் இல்லை.

நமக்குத் தேவை வானத்திலிருந்து வரும் ஒளி. நேர் வெயில் வேண்டாம். நேர் வெயில் ஒரே திசையிலிருந்து கூர்மையாக வந்து விழும். மூக்கின் நிழல் கன்னத்தில் கோடு கிழித்தது போல இருக்கும், ஜன்னல் கம்பியின் நிழலும் முகத்தில் விழும். வெயில் படாத ஜன்னலில் ஜன்னல் முழுவதுமே ஒரு பெரிய விளக்காக மாறிவிடுகிறது. ஒளி பல திசைகளிலிருந்து முகத்தைத் தொடுவதால் நிழலின் ஓரம் மெதுவாகக் கரைகிறது.

எளிய விதி: சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்க ஜன்னல். கிழக்கு ஜன்னலை மதியத்துக்கு மேல் பயன்படுத்துங்கள், மேற்கு ஜன்னலைக் காலையில். வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே உள்ள மலைகளின் அடிவாரத்தில் வீடு இருந்தால், காலை வெயில் மலையைத் தாண்டி வரத் தாமதமாகும். அதுவரை கிழக்கு ஜன்னலிலும் மென்மையான ஒளி கிடைக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

வடக்கு ஜன்னலில் எப்போதும் வெயில் வராது என்று பொதுவாகச் சொல்வார்கள். குளிர்நாடுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். வேலூர் ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு மேலேயிருந்து சற்று வடக்கே நிற்கும். உச்சி நேரத்தில் சன்ஷேடு அதைத் தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும்தான் சாய்வாக உள்ளே நுழையும். கத்திரி வெயில் நாட்களில் காலை 7 மணிக்கு வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் பட்டை விழலாம். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை அந்தக் கவலை இல்லை, நாள் முழுக்க ஒரே மாதிரி ஒளி. தெற்கு ஜன்னலுக்கு இது நேர் எதிர். டிசம்பர், ஜனவரியில் நண்பகல் சூரியன் தெற்கே 54 பாகை அளவுக்குத் தாழ்ந்துவிடுவதால் வெயில் அறைக்குள்ளேயே இறங்கும்.

வெயில் விழும் ஜன்னலைத் தவிர வேறு வழியில்லை என்றால் வேட்டியை எடுங்கள். ஒற்றை மடிப்பாக ஜன்னல் முழுவதையும் மறைக்கும்படி கிளிப் போட்டு மாட்டுங்கள். வெயில் துணியில் பரவி, துணியே ஒளி தரும் பரப்பாகிவிடும். இரட்டை மடிப்பு வேண்டாம், ஒளி பாதியாகக் குறைந்துவிடும். கரை முகத்துக்கு நேரே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: எதிர்வீட்டுச் சுவர். நம் தெருக்கள் குறுகல். எதிரே ரோஸ் நிறத்திலோ பச்சையிலோ பெயின்ட் அடித்த வீடு இருந்து, அதன் மேல் வெயில் அடித்தால், அந்த நிறம்தான் உங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வரும். காட்பாடியிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவி, முகம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேமராவை ஒரு மணி நேரம் நோண்டிக்கொண்டிருந்தார். ஜன்னலைத் திறந்து பார்த்தால் எதிரே கிளிப்பச்சை மதில். மாடிக்குப் போய் எடுத்ததும் சரியாகிவிட்டது. கீழ்த்தளத்தைவிட மாடி ஜன்னலில் வானம் அதிகம் தெரியும். முடிந்தால் மாடியையே தேர்ந்தெடுங்கள்.

ஒளியைச் சோதிக்க உள்ளங்கை போதும். ஜன்னலோரம் நின்று கையை முகம் இருக்கும் உயரத்தில் நீட்டி, விரல்களைச் சற்று மடக்கி, மெல்லத் திருப்புங்கள். விரல்களின் நிழல் கையில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். நிழலின் ஓரம் கத்தி போலத் தெரிந்தால் ஒளி கடுமையானது. கரைந்து போனால் நல்லது.

3. அறை விளக்குகளை அணையுங்கள்

ட்யூப்லைட், எல்இடி பல்ப், பூஜை அலமாரிச் சீரியல் செட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் போதாது என்று விளக்கைப் போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தப்பு. ஜன்னல் ஒளியின் நிறம் வேறு, பல்பின் நிறம் வேறு. ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் வந்தால் எந்த ஒயிட் பேலன்ஸாலும் (ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைத் திருத்தும் அமைப்பு) இரண்டையும் சேர்த்துத் திருத்த முடியாது. அதோடு ட்யூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் (ஒளியை உள்ளே விடத் திறந்து மூடும் கதவு) வேகமாக இயங்கும்போது படத்தின் குறுக்கே பட்டை விழ அது காரணமாகும்.

மின்விசிறியையும் படம் எடுக்கும்போது மட்டும் நிறுத்துங்கள். முடி பறக்கும், வேட்டித் திரை அசையும். கோடையில் ஐந்து நிமிடத்திலேயே முகம் வியர்த்து நெற்றி பளபளக்கும் என்பதால், செட்டிங் எல்லாம் முடியும்வரை விசிறி ஓடட்டும். நிறுத்துவது 10ஆம் படியில். பக்கத்தில் கைக்குட்டை இருக்கட்டும்.

4. பின்னணி

உங்களுக்கும் பின்சுவருக்கும் இடையில் குறைந்தது ஒரு மீட்டர், முடிந்தால் ஒன்றரை மீட்டர். காரணம் இரண்டு. உங்கள் நிழல் சுவரில் விழாது. ஜன்னலிலிருந்து தள்ளிப் போகப் போக ஒளி குறைவதால் சுவர் தானாகவே சற்று இருண்டு, முகம் முன்னால் வரும்.

காலண்டர், சுவிட்ச் போர்டு, கதவில் தொங்கும் பை இவையெல்லாம் நேரில் கண்ணுக்குப் படாது, படத்தில் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அகற்றுங்கள், அல்லது ஸ்டூலை நகர்த்துங்கள். நீல, பச்சைச் சுவர்கள் தோலின் மேலும் அந்த நிறத்தைத் தெளிக்கும். சுவரிலிருந்து தள்ளி உட்காரும்போது அதுவும் குறைகிறது. சுவர் சரிப்படவே இல்லை என்றால் கறுப்போ பழுப்போ ஆன ஒற்றை நிறப் போர்வையைக் கொடியில் போட்டுப் பின்னால் தொங்கவிடலாம்.

தரையையும் பாருங்கள். பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரை இருக்கும். ஜன்னல் ஒளி அதில் பட்டுத் தாடைக்குக் கீழே சிவப்பாக எழும்பும். ஸ்டூலுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியை விரித்தால் போதும்.

5. எங்கே உட்கார்வது, எப்படித் திரும்புவது

ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் ஸ்டூலைப் போட்டுத் தொடங்குங்கள். மிக நெருங்கினால் ஜன்னல் பக்கக் கன்னம் வெளுத்து, மறுபக்கம் கறுத்துவிடும். ஏனெனில் ஜன்னலோரத்தில் ஒளி சட்டென்று குறைகிறது, முகத்தின் அகலத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரியும். தள்ளிப் போனால் வித்தியாசம் குறையும், ஆனால் ஒளியின் அளவும் குறையும். ஒரு மீட்டரிலிருந்து ஒரு ஜாண் முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தாலே உங்கள் ஜன்னலுக்குப் பொருந்தும் இடம் தெரிந்துவிடும்.

அடுத்தது கோணம். ஜன்னலுக்கு நேர் எதிரே முகத்தை வைத்தால் இரண்டு கன்னமும் ஒரே அளவு ஒளி பெறும். அடையாளப் படத்துக்கு ஏற்றது, ஆனால் முகம் தட்டையாகத் தெரியும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தால் பாதி முகம் நிழலில் போகும். பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 45 பாகைதான் நல்ல இடம். அப்போது நிழல் பக்கக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சிறிய முக்கோண வெளிச்சம் விழும். கையில் ஒரு கண்ணாடியைப் பிடித்து, அந்த முக்கோணம் தெரியும்வரை உடலைத் திருப்புங்கள். தெரிந்ததும் நிறுத்துங்கள்.

கண்ணையும் அதே கண்ணாடியில் பாருங்கள். கருவிழியில் ஜன்னலின் சிறிய பிம்பம் தெரிய வேண்டும். அது இல்லாத கண் உயிரில்லாமல் இருக்கும். பிம்பம் கருவிழியின் மேல்பாதியில் இருப்பது நல்லது. கீழ்ப்பாதியில் தெரிந்தால் ஒளி கீழேயிருந்து வருகிறது என்று அர்த்தம். ஜன்னல் தாழ்வாக இருந்தால் அப்படித்தான் ஆகும். ஜன்னலின் கீழ்ப்பாதியைத் துணியால் மறையுங்கள், அல்லது ஸ்டூலை விட்டுத் தரையில் பலகை போட்டு உட்காருங்கள்.

இடம் முடிவானதும் ஸ்டூல் கால்கள் நான்கையும் சுற்றிச் சாக்பீஸால் குறியிடுங்கள். கால் பாதம் வைக்கும் இடத்தையும் குறியிடுங்கள். எழுந்து கேமராவுக்குப் போய்த் திரும்பும்போது ஸ்டூல் நகரும், நீங்கள் அதை உணர மாட்டீர்கள்.

6. நிழல் பக்கத்துக்குத் தெர்மாகோல்

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில், படத்துக்குள் வராதபடி, தெர்மாகோலை நிமிர்த்தி வையுங்கள். ஒரு முழ தூரத்தில் வைத்தால் நிழல் நன்றாக எழும்பும், தள்ளி வைத்தால் கொஞ்சமாக. நிழல் பக்கத்துக் கண்ணின் வெள்ளை தெரிய வேண்டும், ஆனால் இரண்டு கன்னமும் ஒன்றாகிவிடக் கூடாது. அந்த அளவில் நிறுத்துங்கள். அலுமினிய ஃபாயில் ஒட்டுவது வேண்டாம். அது ஒளியைத் திட்டுத் திட்டாகத் திருப்பி அடிக்கும்.

7. கேமரா நிற்கும் இடமும் செட்டிங்கும்

லென்ஸ் உங்கள் கண் மட்டத்தில். மேசையில் போனைச் சாய்த்து வைத்து மேல்நோக்கி எடுப்பதால்தான் மூக்குத்துவாரமும் தாடையும் பெரிதாக வருகின்றன.

தூரம் ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் வரக் காரணம் லென்ஸ் என்று நினைக்கிறார்கள். காரணம் தூரம். அரை மீட்டரில் இருந்து பார்த்தால் காதைவிட மூக்கு லென்ஸுக்கு அவ்வளவு நெருக்கம், விகிதம் மாறிவிடுகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளிப்போய் ஜூமை 2 மடங்கு வையுங்கள், முகம் இயல்பாக வரும். கிராப் சென்சார் கேமராவில் (படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சற்றுச் சிறியதாக உள்ள கேமரா) 50 மில்லிமீட்டர் லென்ஸ் இந்தத் தூரத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

இனி செட்டிங். மேனுவல் மோடு, அதாவது எல்லா அளவையும் நீங்களே வைப்பது. ஆட்டோ வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் பட்டனை அழுத்தும்போது ஸ்டூல் காலியாக இருக்கிறது. கேமரா அளந்தது காலி ஸ்டூலையும் சுவரையும்தான். நீங்கள் வந்து உட்கார்ந்ததும் அது மறுபடி அளந்து மாற்றிக்கொள்ளலாம், மாற்றாமலும் போகலாம். உங்கள் சட்டை வெள்ளையாக இருந்தால் படம் இருண்டுவிடும், கறுப்பாக இருந்தால் முகம் வெளுத்துவிடும். எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே ஒளியை அளக்கும் கேமராவின் மீட்டர் முயலும்.

முதலில் ஷட்டர் வேகம்: 1/125 விநாடி. அசையாமல் உட்கார்ந்தாலும் மூச்சு விடும்போது தலை லேசாக ஆடும். 1/60 ஆனால் பத்தில் சில படங்கள் கலங்கும்.

இரண்டாவது அபர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு, எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது): எஃப் 4. பின்னணி கரைய வேண்டும் என்று எல்லோரும் எஃப் 1.8க்குப் போகிறார்கள். கிராப் சென்சாரில் 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஒன்றரை மீட்டர் தூரம், எஃப் 1.8 என்றால் கூர்மையாக வரும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்தான். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாலே கண் மங்கிவிடும். எஃப் 4இல் அது 14 சென்டிமீட்டர் அளவுக்கு விரியும். நீங்கள் எழுந்து போய்த் திரும்பி உட்காரும்போது வரும் வித்தியாசத்தை அது தாங்கும். பழகிய பிறகு எஃப் 2.8க்கு இறங்கலாம்.

கடைசியில் ஐஎஸ்ஓ, அதாவது ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன். முன் இரண்டையும் மாற்றாமல், வெளிச்சம் சரியாகும்வரை இதை மட்டும் ஏற்றுங்கள். நல்ல ஜன்னலுக்கு ஒரு மீட்டரில் 400இலிருந்து 1600க்குள் எங்காவது நிற்கும். ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி வரும் என்று பயந்து ஷட்டரைக் குறைப்பவர்கள் உண்டு. புள்ளியை ஓரளவு குறைக்கலாம். கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அளவு சரியா என்று பார்க்க உங்கள் உள்ளங்கையைக் காட்ட வேண்டாம், அது முகத்தைவிட வெளிறியிருக்கும். புறங்கையை ஸ்டூலுக்கு மேல் முகம் இருக்கும் இடத்தில் நீட்டி ஒரு படம் எடுங்கள். திரையில் தெரியும் புறங்கை, நேரில் தெரியும் நிறத்திலேயே இருக்க வேண்டும். வெளுத்தால் ஐஎஸ்ஓவை இறக்குங்கள்.

இதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. முகத்தைச் சிவப்பாகக் காட்டுவதற்காக எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஏற்றாதீர்கள். கறுத்த தோலில் ஜன்னல் ஒளி படும்போது கன்ன எலும்பிலும் நெற்றியிலும் எழும் மினுமினுப்பு மிக அழகானது. எக்ஸ்போஷரை ஏற்றியதும் முதலில் தொலைவது அதுதான். போனில் பியூட்டி மோடு இருந்தால் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சில போன்களில் அது தானாகவே போட்டிருக்கும், தேடிப் பார்த்து அணையுங்கள்.

ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாதீர்கள். நேர் வெயில் இல்லாத ஜன்னல் ஒளி கொஞ்சம் நீலம் கலந்தது. 'நிழல்' அல்லது 'மேகமூட்டம்' என்ற அமைப்பில் வைத்தால் தோல் நிறம் சரியாக வரும். ஆட்டோவில் விட்டால் ஒரே வரிசையில் எடுத்த படங்களே வெவ்வேறு நிறத்தில் இருக்கும். ரா கோப்பாக (சென்சார் பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பு) சேமிக்க வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள், நிறத்தைப் பிறகு மாற்றும் இடம் கிடைக்கும்.

8. ஃபோகஸ்

தனியாக எடுப்பவர்களின் படங்கள் அதிகம் வீணாவது இங்கேதான். என் முதல் மாதத்தில் ஒரு முழு மாலை எடுத்த படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தால், எல்லாவற்றிலும் பின்சுவரின் பெயின்ட் உரிந்த இடம் துல்லியமாக இருந்தது, முகம் மட்டும் மங்கல். கேமராவின் சின்னத் திரையில் அது தெரியவே இல்லை.

காரணம் இதுதான். பல கேமராக்களில் டைமர் போட்டால், பட்டனை அழுத்தும் நொடியிலேயே ஃபோகஸ் முடிந்துவிடும். அந்த நொடியில் ஸ்டூல் காலி. கேமரா பின்சுவரைப் பிடித்துக்கொள்கிறது.

ஒட்டடைக் கம்பை எடுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து, உங்கள் கண் உயரத்தைக் கம்பில் சாக்பீஸால் குறியுங்கள். அந்த உயரத்தில் தினத்தாளைக் கிளிப் போட்டு மாட்டி, கம்பை ஸ்டூலில் உங்கள் கண் இருக்கும் அதே இடத்துக்கு வரும்படி நிறுத்துங்கள். முதுகுத்தண்டு இருக்கும் இடத்தில் நிறுத்தினால் கண்ணைவிட அது பின்னால் போய்விடும். ஒரு சாண் முன்னால் வர வேண்டும். கேமராவுக்குப் போய், ஒற்றைப் புள்ளி ஃபோகஸில் அச்செழுத்தின் மேல் ஃபோகஸ் செய்யுங்கள். பிடித்ததும் லென்ஸையோ கேமராவையோ மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். இனி லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் தொடக் கூடாது. தினத்தாள் எதற்கு என்றால், பெரிதாக்கிப் பார்க்கும்போது எழுத்து வாசிக்க முடிகிறதா என்பதை வைத்து ஃபோகஸ் விழுந்ததா என்று சந்தேகமில்லாமல் சொல்லிவிடலாம். தலையணையை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. வெற்றுத் துணியில் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது.

புதிய கேமராக்களில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் உண்டு. போன் செயலி வழியாக ஷட்டரை இயக்கினால், நீங்கள் உட்கார்ந்த பிறகே அது ஃபோகஸ் செய்யும் என்பதால் அதைத் தாராளமாக நம்பலாம். வெறும் டைமரோடு நம்ப வேண்டாம்.

போனில் எடுப்பவர்கள் பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள், பெரும்பாலான போன்களில் அதன் சென்சார் பெரியது. திரையில் தினத்தாள் தெரியும் இடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு விரலை மேலேயோ கீழேயோ இழுத்து, புறங்கை நேரில் தெரியும் நிறத்தில் வரும்வரை வெளிச்சத்தைத் திருத்துங்கள். இடையில் வேறு செயலிக்குப் போனால் பூட்டு விடுபட்டுவிடும், எனவே அழைப்பு வராதபடி ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

9. உடை

சுருக்கமாகச் சொல்கிறேன். குடியாத்தம் லுங்கி போல நெருக்கமான கட்டம் போட்ட துணி படத்தில் முகத்தை விட்டுக் கண்ணை இழுக்கும். ஒற்றை நிறம் நல்லது. ஆரணிப் பட்டு கட்டினால் ஜரிகைக் கரை ஜன்னல் பக்கம் வராமல், நிழல் பக்கத் தோளில் விழும்படி முந்தானையைத் திருத்துங்கள். ஜரிகை வெளுத்துப் போனால் அதில் ஒரு விவரமும் மிஞ்சாது.

10. எடுக்கும் நேரம்

டைமர் 10 விநாடி. ஒரே டைமரில் தொடர்ந்து ஐந்தோ பத்தோ படம் எடுக்கும் வசதி பல கேமராக்களில் உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் படத்தில் எல்லோருடைய முகமும் விறைத்துத்தான் இருக்கும். ஷட்டர் சத்தம் கேட்டு 'முடிந்தது' என்று தளரும் அடுத்த நொடியில்தான் நல்ல படம் வரும். ஒற்றைப் படத்தோடு டைமர் நின்றுவிட்டால் அந்த நொடி கிடைக்காது.

கம்பை எடுத்துவிட்டு விசிறியை நிறுத்துங்கள். முகத்தைத் துடையுங்கள். சாக்பீஸ் குறியில் பாதத்தை வைத்து உட்காருங்கள். முதுகை நிமிர்த்தி, நெற்றியை ஒரு விரற்கடை முன்னால் கொண்டுவந்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்குங்கள். கண்ணாடியில் பார்க்கும்போது இது விசித்திரமாக இருக்கும். படத்தில் தாடைக் கோடு தெளிவாக வரும். பார்வையை லென்ஸின் நடுவில் வையுங்கள். போன் என்றால் திரையைப் பார்க்கக் கூடாது. லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி அதைப் பாருங்கள்.

முதல் வரிசை முடிந்ததும் எழுந்து போய் ஒரு படத்தைத் திறந்து, ஜன்னல் பக்கத்துக் கண் இமை முடி தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்கிப் பாருங்கள். இமை மங்கலாக இருந்து காது கூர்மையாக இருந்தால் நீங்கள் முன்னால் வந்துவிட்டீர்கள், மூக்கு நுனி கூர்மையாக இருந்தால் பின்னால் போய்விட்டீர்கள். செட்டிங்கைத் தொடாமல் ஸ்டூலை மட்டும் இரண்டு விரற்கடை நகர்த்துங்கள். நெற்றியில் வெள்ளைத் திட்டு இருந்தால் ஐஎஸ்ஓவை ஒரு படி இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வெளிச்சத்தைத் திரும்பச் சோதியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஓடும்போது ஐந்தே நிமிடத்தில் ஒளி பாதியாகிவிடும். கண் அதற்குப் பழகிக்கொள்வதால் உங்களுக்குத் தெரியாது. மறுபடியும் புறங்கையை நீட்டி ஒரு படம்.

11. குறித்து வையுங்கள்

நல்ல படம் வந்த அன்று, ஸ்டூலை நகர்த்துவதற்கு முன் அளவெடுங்கள். ஜன்னலிலிருந்து ஸ்டூல் வரை எத்தனை அடி, ஸ்டூலிலிருந்து கேமரா வரை எத்தனை அடி, தெர்மாகோல் எங்கே, மணி என்ன, வானம் எப்படி, ஷட்டர், அபர்ச்சர், ஐஎஸ்ஓ. அன்றைக்குக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி ஜன்னல் ஓரம் ஒட்டிவிடுங்கள். தேதி முன்பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. என் ஜன்னலோரம் இப்போது அப்படி ஒன்பது தாள் இருக்கிறது, ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று. தை மாதத் தாளைப் பார்த்தால் மதியம் இரண்டு மணி, வைகாசித் தாளைப் பார்த்தால் காலை பத்தரை. அந்தந்த மாதம் வந்ததும் தாளைப் பார்த்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடலாம்.